மின்சாரம் எடுக்க வீட்டில் செய்த காற்றாடி சுற்றுகிறது, அதோடு இணைத்த எல்இடி மட்டும் எரியவில்லை. ஏன்?

மின்சாரம் தரும் ஜெனரேட்டராகப் பொம்மைக் கார் மோட்டாரைப் போட்டிருந்தால் அதுதான் கோளாறு. அந்த 3 வோல்ட் மோட்டார் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றினால்தான் 2 வோல்ட் தரும். வீட்டில் செய்த காற்றாடி சில நூறைத் தாண்டுவதே பெரிது. பழைய பிரிண்டரிலிருந்து கழற்றிய 24 வோல்ட் டிசி மோட்டாரைப் பொருத்துங்கள். சிவப்பு எல்இடிக்குச் சுமார் 2 வோல்ட் போதும், வெள்ளைக்கு 3 வேண்டும். அப்படியும் எரியாவிட்டால் வயர்களை இடம் மாற்றிக் கொடுங்கள். எல்இடி ஒரு திசையில்தான் எரியும்.

இறக்கைக்கு பாட்டில் பிளாஸ்டிக் வேண்டாம், காற்றில் மடங்கிவிடும். 4 அங்குல பிவிசி குழாயில் 30 செ.மீ. துண்டை நீளவாக்கில் நான்காகப் பிளந்தால் வேண்டிய வளைவு தானாகவே கிடைக்கும். மூன்று போதும். நுனியைக் குறுக்கி வெட்டுங்கள். மோட்டாரில் மாட்டுமுன் ஒரு ஆணியில் கோர்த்துச் சுற்றிவிடுங்கள்: ஒரே இறக்கை திரும்பத் திரும்பக் கீழே வந்து நின்றால் அதுதான் கனம், நுனியை உப்புத்தாளால் தேயுங்கள்.