அராய் குடும்பத்தின் பிடிவாதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

ஹெல்மெட் பற்றிய உங்கள் கட்டுரையில் ஜப்பானின் அராய் நிறுவனத்தை ஒரே வரியில் பாராட்டிவிட்டுப் போய்விட்டீர்கள். நான் நெடுந்தூரம் பைக் ஓட்டுகிறவன். அராய் விலைக்கு ஒரு பழைய பைக்கே வாங்கிவிடலாம். ஆனால் வெயிலுக்கு உள்ளிருந்து இறக்கிக்கொள்ளும் கறுப்புக் கண்ணாடி கிடையாது, தாடைப் பகுதியை மேலே தூக்கும் மாடல் கிடையாது. பாதி விலை ஹெல்மெட்டிலேயே இதெல்லாம் வருகிறது. தாத்தா செய்ததையே பேரனும் செய்யும் குடும்பக் கம்பெனியின் பிடிவாதம்தானே இது?

வாசகர், ஓசூர்

அன்புள்ள நண்பருக்கு,

பிடிவாதம்தான். அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தபின் எனக்கு அதன்மேல் மரியாதை கூடியது.

தாத்தா ஹிரோதாகே அராய் தொப்பி செய்கிறவர். டோக்கியோவுக்கு வடக்கே, சைதாமாவின் ஓமியாவில்தான் இன்றும் நிறுவனம் இருக்கிறது. தொழில் தொப்பி, பித்து மோட்டார் சைக்கிள். ஓடும் வண்டியின் சீட் மேல் அவர் ஏறி நிற்கும் பழைய புகைப்படம் ஒன்று உண்டு. ஜப்பானில் பைக்குக்கென்று ஹெல்மெட் செய்ய ஆளில்லாத நாளில், தனக்கும் கூட ஓட்டிய நண்பர்களுக்கும் செய்யத் தொடங்கினார். ஐம்பதுகளில் அது வியாபாரமானது. சட்டத்துக்குப் பயந்து யாரும் வாங்கிய காலமல்ல அது. மொபெட் ஓட்டுகிறவரும் ஹெல்மெட் போட்டாக வேண்டும் என்று ஜப்பானில் விதி வந்ததே 1986இல்தான். தன் தலைக்காகச் செய்தவரிடம் தொடங்கிய நிறுவனம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்த ஐரோப்பியத் தரமான இசிஇ 22.05 சோதனையில், ஹெல்மெட்டை இரும்பின் மீது மோதவிடும் வேகம் நொடிக்கு 7.5 மீட்டர். அதாவது மணிக்கு 27 கிலோமீட்டர். அடுத்து வந்த 22.06இல்கூட அது 30ஐத் தொடவில்லை. உள்ளே இருக்கும் தெர்மகோல் நசுங்கித்தான் அடியை வாங்குகிறது. அதன் கனம் சில சென்டிமீட்டர்தான். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. தெர்மகோல் முழுக்க நசுங்கிய பிறகு மிச்ச அடி நேராக மண்டைக்குத்தான்.

அந்த மிச்சத்தை வாங்கவே கூடாது, வழுக்கி விலக வேண்டும் என்பதுதான் அராய் குடும்பத்தின் கொள்கை. குளத்தில் தவளைக்கல் எறிவோமே, தட்டையான வழவழப்பான கல் தண்ணீரில் பட்டுப்பட்டுத் தாவிப் போகும், அந்த மாதிரி. அதனால் ஹெல்மெட்டின் வெளி ஓட்டில் வளைவு எங்கும் 75 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறையக்கூடாது என்று தங்களுக்குத் தாங்களே ஒரு விதி வைத்திருக்கிறார்கள். வெளியே துருத்தும் காற்றுக்குழாய் அடிபட்டதும் பிய்த்துக்கொண்டு போகும்படிதான் ஒட்டியிருக்கும். முகக் கண்ணாடி சுழலும் அச்சு நெற்றிப்பொட்டுப் பக்கத்து வளைவைக் கெடுக்கிறது என்று, புதிய மாடல்களில் அதை 24 மில்லிமீட்டர் கீழே இறக்கினார்கள். கண்ணாடியின் பொறியமைப்பையே மாற்ற வேண்டிய வேலை அது. கடையில் பார்க்கிறவர் கண்ணில் படவே படாது.

இப்போது உங்கள் கறுப்புக் கண்ணாடி. அது உள்ளே ஒளிந்துகொள்ள இடம் வேண்டும். தெர்மகோலைக் குடைய வேண்டும், அல்லது வெளி ஓட்டின் அளவைக் கூட்ட வேண்டும். இரண்டுக்கும் அராய் ஒப்பவில்லை. வேண்டுமானால் வெளியே மாட்டிக்கொள்ள ஒன்று தருகிறார்கள். தூக்கும் தாடை என்றால் ஒரே ஓடு இரண்டாகிக் கீலும் பூட்டும் வரும். அதற்கும் முடியாது என்றுவிட்டார்கள்.

இந்த 'முடியாது' சொல்ல அவர்கள் பங்குதாரர்களைக் கேட்க வேண்டியதில்லை. மகன் மிச்சியோ, பேரன் அகிஹிதோ என்று நிர்வாகம் வீட்டுக்குள்ளேயே இருந்துவருகிறது. போட்டியாளரான ஷோயெய் வேறு வழியில் போனது. 1992இல் திவால் நிலைக்குப் போய், நிர்வாகம் மாறி மீண்டு, பங்குச் சந்தைக்கும் வந்தது. நீங்கள் கேட்கும் தூக்கும் தாடையும் உள் கண்ணாடியும் ஷோயெய்யிடம் உண்டு. மிக நல்ல ஹெல்மெட்டுகள்தான், குறையாகச் சொல்லவில்லை.

விலைக்குக் காரணம் பெரும்பாலும் கைவேலை. கண்ணாடி இழைகளைத் துளையிட்ட அச்சின் மேல் தூவி உறிஞ்சிப் படியவைத்து முதலில் ஒரு கூடு செய்கிறார்கள். அதைச் சூடான அச்சுக்குள் வைத்து, வேண்டிய இடங்களில் கூடுதல் இழைத் துண்டுகளைக் கையால் அடுக்கி, பிசின் ஊற்றி அழுத்துகிறார்கள். அப்புறம் ஒவ்வொரு ஓட்டின் கனத்தையும் எடையையும் தனித்தனியாகச் சோதிக்கிறார்கள். வண்ணப் படங்களை ஒட்டுவதும் கையால்தான். 1994 முதல் 1998 வரை தொடர்ந்து ஐந்து முறை உலகப் பட்டம் வென்ற பைக் பந்தய வீரர் மிக் டூஹன் அணிந்ததும் இந்தப் பட்டறையின் ஹெல்மெட்தான்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தப்பு. பிரிட்டன் அரசின் ஷார்ப் தரவரிசையில் அராயின் சில மாடல்களுக்கு ஐந்து நட்சத்திரம் கிடைக்கவில்லை, விலை குறைந்த சிலவற்றுக்குக் கிடைத்தது. வழுக்கி விலகும் வடிவத்தின் பலனை எந்த ஒரு சோதனையும் முழுசாக அளந்துவிடாது என்பது என் கருத்து. அதற்காக விலை கூடினால் பாதுகாப்பும் அதே அளவு கூடும் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆகவே நீங்கள் அராய்தான் வாங்க வேண்டும் என்று சொல்லமாட்டேன். எதை வாங்கினாலும் கடையிலேயே கால்மணி நேரம் தலையில் வைத்திருங்கள். நெற்றியில் ஒரே இடத்தில் வலித்தால் அந்த வடிவம் உங்களுக்கானது இல்லை. தலையை ஆட்டும்போது ஹெல்மெட் தனியாக ஆடினால் ஒரு அளவு சின்னதாகப் போட்டுப் பாருங்கள்.

அன்புடன்