மாடி ரூட்டரில் பிரிண்டர் தெரியாத சிக்கல்

கீழ்த்தளத்திலிருந்து கேபிள் இழுத்து, மாடியில் பழைய ரூட்டரைப் பொருத்தியிருக்கிறீர்கள். இணையம் வருகிறது, கீழே இருக்கும் பிரிண்டர் மட்டும் தெரியவில்லை என்கிறீர்கள். கேபிளைச் சந்தேகிக்க வேண்டாம். அது மாடி ரூட்டரில் வேறு நிறத்தில் இருக்கும் தனித் துளையில், அதாவது 'இன்டர்நெட்' துளையில், செருகப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன். அப்படிச் செருகினால் மாடி ரூட்டர் தனக்கென்று ஒரு தனி வலையமைப்பை உருவாக்கிக்கொள்ளும். மாடியிலிருந்து தேடினால் பிரிண்டர் எப்படித் தெரியும்?

மாடி ரூட்டரின் அமைப்புகளில் 'ஆக்சஸ் பாயிண்ட்' முறை (தனி வலையமைப்பு உருவாக்காமல் கீழ் ரூட்டரின் வலையமைப்பையே நீட்டிக்கும் முறை) இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், வேலை முடிந்தது. இல்லையென்றால், கேபிளைக் கழற்றிவிட்டு மடிக்கணினியை நேரடியாக மாடி ரூட்டரில் இணையுங்கள். முதலில் அந்த ரூட்டரின் ஐபி முகவரியை, அதாவது வலையமைப்பில் அதன் அடையாள எண்ணை, மாற்றுங்கள். கீழே இருப்பது 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுக்கலாம், கீழ் ரூட்டர் தானாகப் பகிரும் முகவரி வரிசைக்குள் அது வரக்கூடாது. புதிய முகவரியில் மீண்டும் நுழைந்த பிறகே டிஎச்சிபியை, அதாவது முகவரிகளைத் தானாகப் பகிரும் வசதியை, அணையுங்கள். இந்த வரிசை முக்கியம். முதலிலேயே அணைத்துவிட்டால் மடிக்கணினிக்கு முகவரி கிடைக்காமல் உள்ளே போகவே திண்டாடுவீர்கள்.

பிறகு கீழிருந்து வரும் கேபிளை மாடி ரூட்டரின் லேன் துளைகளில் (கணினிகளை இணைக்கும் துளைகள்) ஒன்றில் செருகுங்கள். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில், ஒன்றோடொன்று குறுக்கிடாமல் இருக்க, சேனலை (அலைவரிசை எண்ணை) மட்டும் கீழே 1, மாடியில் 6 அல்லது 11 என்று பிரித்து வையுங்கள்.

பிரிண்டர் தெரிகிறதா என்று எழுதுங்கள்.