கொழிஞ்சாம்பாறைல வீடு கட்டுறோம், சுத்தி மரம் வச்சா கார்பன் குறையுமா?

குறையுங்க, ஆனா மரம் உறிஞ்சுறத விட ஏசி ஓடாம மிச்சமாகுற கரண்ட்லதான் பெரிய லாபம். நம்ம பக்கம் ஏப்ரல்ல சாயங்காலம் மேக்கு செவுத்துல கைய வச்சுப் பாருங்க, ராத்திரி வரைக்கும் அந்த சூடு உள்ள எறங்கிட்டே இருக்கும், அதனால மொதல்ல மேக்கால புங்கனோ வேம்போ ஒரு 15 அடி தள்ளி வைங்க, வளர்ந்ததும் கீழ்க்கிளைய கழிச்சு விட்டா பாலக்காட்டு கணவாய் காத்தும் தடையில்லாம வரும்.

அப்பறம் இந்த இன்டர்லாக் கல்லு, சிமென்ட்ல செஞ்சு தரையில பதிக்கிறது. இங்க எல்லாரும் வாசல் முழுக்க பதிக்கிறாங்க, எனக்கு சுத்தமா புடிக்காது. உலகத்துல வெளியாகுற கார்பன் டை ஆக்சைடுல கிட்டத்தட்ட 7, 8 சதவீதம் சிமென்ட்னாலதான், போதாததுக்கு இந்தக் கல்லு வெயில்ல கொதிச்சு வீட்டுக்குள்ள அனல் அடிக்கும். வண்டி நிக்கிற எடத்துக்கு மட்டும் போட்டுட்டு மிச்சத்த மண்ணா விடுங்க. புல்லுத்தரையும் வேண்டாங்க, தண்ணி பாய்ச்சுற மோட்டாரே கரண்ட தின்னுடும்.