கிளறாத பானை

கேள்வி: உலக மக்களில் ஆறில் ஒருவர் இந்தியர். எல்லா மதங்களும், பனிமலை முதல் பாலைவனம் வரை எல்லா நிலங்களும் நம்மிடம் உண்டு. மொத்த உலகுக்கும் மாதிரியாக ஒரே ஒரு நாட்டைக் காட்டச் சொன்னால் இந்தியாவைத்தான் காட்ட வேண்டும் என்று கல்லூரிப் பட்டிமன்றத்தில் பேசப் போகிறேன். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம், சரிதானே?
— கல்லூரி மாணவர், விருதுநகர்

பதில்: கைதட்டல் கிடைக்கும் தம்பி. கணக்குத்தான் உதைக்கும்.

உங்கள் பழமொழியிலிருந்தே வருகிறேன். ஒரே அரிசி, ஒரே உலை, ஒரே தீ, நடுவே கரண்டி விட்டுக் கிளறிய கை. இவ்வளவும் இருப்பதால்தான் எந்தப் பருக்கையை நசுக்கினாலும் ஒரே சேதி வருகிறது. பருப்பெல்லாம் அடியில் தங்கிவிட்ட சாம்பாரில் மேலாக ஒரு கரண்டி மொண்டு கொடுங்கள். குடித்தவர் ரசம் என்பார். உலகம் அப்படிக் கிளறாத பானை.

‘ஆறில் ஒருவர்’ என்பது அளவு. அதுவே மாதிரி ஆகிவிடாது. சீனரும் ஏறத்தாழ ஆறில் ஒருவர்தான். உங்கள் வாதத்தை அப்படியே பெய்ஜிங்கிலும் பேசலாம். அளவை நம்பி மூக்குடைந்ததற்குப் புகழ்பெற்ற உதாரணம் உண்டு. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற வார இதழ் சுமார் 1 கோடிப் பேருக்கு அட்டை அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேலான பதில்களை எண்ணி, அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்றது. மொத்தம் 48 மாநிலங்களில் 46 ரூஸ்வெல்ட்டுக்குப் போயின. முகவரிகளைப் பெரும்பாலும் டெலிபோன் டைரக்டரியிலிருந்தும் கார் பதிவேட்டிலிருந்தும் எடுத்திருந்தார்கள். பொருளாதார மந்தக் காலத்தில் போனும் காரும் வைத்திருந்தவர் யார்? அட்டையைத் திருப்பி அனுப்பச் சிரமம் எடுத்துக்கொண்டவர் யார்? வசதியும் ரூஸ்வெல்ட் மேல் கோபமும் இருந்தவர்கள். அவர்களுக்கு எதிராகக் காலப் என்ற இளைஞர் அதைவிடப் பல மடங்கு சிறிய மாதிரியை வைத்துச் சரியாகச் சொன்னார்.

அடுத்து, எல்லா மதங்களும் உண்டு என்கிறீர்கள். உண்டு, விகிதம் என்ன? உலகில் கிறிஸ்தவர் 100க்கு ஏறத்தாழ 29, முஸ்லிம்கள் 26, எந்த மதத்தையும் சேராதவர் 24, இந்துக்கள் 15. நம் 2011 கணக்கெடுப்பில் இந்துக்கள் 79.8, முஸ்லிம்கள் 14.2, கிறிஸ்தவர் 2.3. உலகின் கால்வாசியான ‘மதம் இல்லை’ கூட்டம் நம் கணக்கெடுப்பில் கண்ணிலேயே படுவதில்லை. உலகில் உள்ளதெல்லாம் பெட்டிக்கு ஒன்றாக இருப்பது கண்காட்சி. மாதிரி என்றால் ஒவ்வொன்றும் உலகில் உள்ள அளவிலேயே இருக்க வேண்டும்.

சரி, எந்த நாடு என்று நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாலைந்து அளவைகளை எடுத்துக்கொள்ளுங்கள்: இடைநிலை வயது (பாதிப் பேர் அதற்கு மேல், பாதிப் பேர் அதற்குக் கீழ்), ஆயுள், ஒரு பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தைகள், தலைக்கு வருமானம், மதப் பங்கு. ஒவ்வொன்றிலும் உலக எண்ணுக்கும் நாட்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுங்கள். அப்படியே கூட்டினால் வந்தது வினை. வயதில் வித்தியாசம் 2, வருமானத்தில் 8,000 டாலர். கூட்டுத்தொகையில் வருமானம் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு வித்தியாசத்தையும், நாடுகளுக்கிடையே அந்த அளவை எவ்வளவு சிதறுகிறதோ அந்தத் திட்ட விலக்கத்தால் வகுத்துவிட்டுக் கூட்டுங்கள். வருமானத்தை மட்டும் கழிக்காமல் எத்தனை மடங்கு என்று பாருங்கள். கூட்டுத்தொகை எந்த நாட்டுக்குக் குறைவோ அது உலகுக்கு அருகில்.

இதில் வழுக்கும் இடங்கள் மூன்று. முதலாவது, உலகச் சராசரியை எடுக்கும் விதம். நாடுகளின் எண்களைக் கூட்டி நாடுகளின் எண்ணிக்கையால் வகுத்தால், 10 ஆயிரம் பேர் உள்ள துவாலுவும் 140 கோடிப் பேர் உள்ள இந்தியாவும் ஒரே எடை. மக்கள்தொகையால் எடை போட வேண்டும். இரண்டாவது, வயது, ஆயுள், பிறப்பு மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். பிறப்பு குறைந்தால் இடைநிலை வயது தானே ஏறும். மூன்றையும் தனித்தனியாகச் சேர்த்தால் ஒரே சங்கதிக்கு மூன்று ஓட்டுப் போட்டதாகும். மூன்றாவது, டாலர். சந்தை மாற்று விகிதத்தில் இந்தியாவின் தலா வருமானம் 3,000 டாலரைத் தொடாது. அந்தந்த நாட்டு விலைவாசியைப் பார்த்து வாங்கும் திறனில் கணக்கிட்டால் அது பல மடங்கு ஏறும். எதை எடுத்தாலும் எல்லா நாட்டுக்கும் அதையே எடுங்கள்.

போட்டுப் பார்த்தால் வேடிக்கை. உலகின் இடைநிலை வயது ஏறத்தாழ 31, ஆயுள் 73, ஒரு பெண்ணுக்குக் குழந்தைகள் 2.2. இந்தோனேசியா: 30, 71, 2.1. ஜாடிக்கேற்ற மூடி. ஆனால் அங்கே 100க்கு 87 பேர் முஸ்லிம்கள். வருமானமோ உலகச் சராசரியான 13,000 டாலரில் பாதிகூட இல்லை. வருமானத்தில் பிரேசில் அருகில் வரும்; குழந்தைகள் 1.6 என்று அதுவும் விலகிவிடும். ஒரு விரல் பிடித்தால் இன்னொன்று நழுவுகிறது. இது நாடுகளின் குற்றமில்லை. 1950இல் அமெரிக்க விமானப்படையின் கில்பர்ட் டேனியல்ஸ் 4,063 விமானிகளை அளந்து, உயரம், மார்பளவு, கை நீளம் போன்ற 10 அளவுகளிலும் சராசரியை ஒட்டி இருப்பவர் எத்தனை பேர் என்று தேடினார். ஒருவர்கூட இல்லை. அதன் பிறகுதான் சராசரி ஆளுக்கென இருக்கை செய்வதை விட்டு, நகர்த்தக்கூடிய இருக்கைக்கு மாறினார்கள். 4,063 பேரில் கிடைக்காத ‘சராசரி’ 200க்கும் குறைவான நாடுகளில் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பானேன்?

சராசரியை விட்டுவிட்டு ஏற்றத்தாழ்வின் வடிவத்தைப் பார்த்தால் விடை கிடைக்கிறது. உங்களுக்குப் பிடிக்காது: தென்னாப்பிரிக்கா.

எல்லாரும் சமம் என்றால் 0, ஒருவரே எல்லாவற்றையும் சுருட்டினால் 100 என்று கினி எண் போடுவார்கள். அமெரிக்காவுக்கு 41, பிரேசிலுக்கு 52 அளவில். உலக மக்கள் அனைவரையும் ஒரே நாட்டவராகக் கருதிக் கணக்கிட்டால் 60ஐ ஒட்டி வருகிறது. தென்னாப்பிரிக்காவுக்கு, 2014 கணக்கில், 63. (பிரேசிலுடையது வருமானத்தை வைத்து எடுத்தது, தென்னாப்பிரிக்காவுடையது செலவை வைத்து. செலவை வைத்தால் எண் குறைவாகவே வரும், பணக்காரர் செலவழித்தது போக மிச்சம் பிடிப்பதால். அப்படியும் அங்கே 63.) ஜோகன்னஸ்பர்க்கில் கண்ணாடி மாளிகைகளின் சாண்ட்டனும் தகரக் கொட்டகைகளின் அலெக்சாண்ட்ராவும் ஒரு நெடுஞ்சாலைக்கு இரு பக்கம்.

எண் ஒத்துப்போவதோடு நிற்கவில்லை. 1970களில் அங்கே வெள்ளையர் ஏறத்தாழ ஆறில் ஒருவர். இன்று பணக்கார நாடுகளில் வாழ்வோரும் உலகில் ஏறத்தாழ ஆறில் ஒருவர். உங்களுக்குப் பிடித்த பின்னம்தான்! அங்கே அன்றைய வெள்ளையர் ஆட்சியில் கறுப்பர் ‘பாஸ்’ என்ற அனுமதிப் புத்தகம் இல்லாமல் நடமாட முடியாது. அனுமதியின்றி நகரத்தில் 72 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் கைது. 1976இல் டிரான்ஸ்கை என்ற பகுதியைத் ‘தனி நாடு’ என்று அறிவித்து, அதன் மக்களைச் சொந்த மண்ணிலேயே வெளிநாட்டவராக்கினார்கள். வேலைக்கு வரலாம், ஒப்பந்தம் முடிந்தால் ஊரைப் பார்த்துப் போக வேண்டும். வளைகுடாவுக்கு ஆள் அனுப்பும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாஸ் சட்டம் 1986இல் போயிற்று. விசா இருக்கிறது. இந்த ஒப்புமை என் கற்பனை இல்லை. பின்னாளில் பொருளாதார நோபல் பெற்ற தாமஸ் ஷெல்லிங், உலகம் ஒரே நாடானால் எதைப் போலிருக்கும் என்று 1990களின் தொடக்கத்தில் யோசித்து இதே நாட்டில் வந்து நின்றார். விடை தம்மையே சங்கடப்படுத்தியது என்றும் எழுதினார்.

அதற்காகத் தென்னாப்பிரிக்காவைத் தலையில் தூக்கி வைக்காதீர்கள். ஆயுளில் உலகைவிட 7 ஆண்டு பின்தங்கியது, கிறிஸ்தவர் 85 விழுக்காடு, மின்சாரத்தில் 80 விழுக்காட்டுக்கு மேல் நிலக்கரி (உலகில் மூன்றில் ஒரு பங்கு). அதன் அரசியல் சாசனம் மதிக்கப்பட வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது என்பது மேடையில் கைதட்டல் வாங்கித் தரும், வாதத்துக்கு உதவாது.

எதிரணி சிங்கப்பூரோடு வரும், தயாராக இருங்கள். 2020 கணக்கெடுப்பில் பௌத்தர் 31, மதமில்லாதோர் 20, கிறிஸ்தவர் 19, முஸ்லிம்கள் 16, இந்துக்கள் 5 என்று பிரமாதமாகக் கலந்து நிற்கும் ஊர் அது. முழுவதும் கேளுங்கள். முடித்ததும், அங்கே நெல் விளையும் கிராமம் ஒன்றின் பெயரை மட்டும் சொல்லச் சொல்லுங்கள்.