பட்டுத் தொப்பிக்காரரின் மகள்

கேள்வி: மௌனப்பட நகைச்சுவைக்குச் சாப்ளின் போதாதா? போன இதழில் மாக்ஸ் லிண்டர் என்று ஒருவரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். சரக்கு இருந்திருந்தால் அவர் பெயர் தானாகவே நின்றிருக்குமே?

பதில்: தானாக எதுவும் நிற்பதில்லை. அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் சுலபமாகத் தீப்பிடிக்கும். பிடிக்காவிட்டாலும் பெட்டிக்குள்ளேயே பிசுபிசுத்துப் பொடியாகிவிடும். பேசும்படம் வந்த பிறகு, அதிலிருந்த வெள்ளிக்காகவே பல சுருள்களை உருக்கினார்கள். நல்ல படம், சுமாரான படம் என்றெல்லாம் நெருப்பு பார்க்கவில்லை.

சாப்ளின் திரைக்கு வந்தது 1914இல். பிரான்சில் போர்தோ நகரத்துப் பக்கத்துக்காரரான லிண்டர் 1905இலேயே பாத்தே நிறுவனத்தின் படங்களில் நடிக்கத் தொடங்கிவிட்டார். முதல் உலகப் போருக்கு முன்பே ஸ்பெயின், ரஷ்யா என்று போன இடமெல்லாம் அவரைப் பார்க்கக் கூட்டம். சாப்ளின் தன் புகைப்படத்தை லிண்டருக்குக் கொடுத்தபோது அவரைப் 'பேராசிரியர்' என்றும் தன்னை அவருடைய சீடன் என்றும் எழுதிக் கையெழுத்திட்டார். சாப்ளினைப் பிடித்தவர்கள் லிண்டரைப் பார்க்க அது ஒன்றே போதும்.

திரையில் லிண்டருக்குப் பட்டுத் தொப்பி, கைத்தடி, மடிப்புக் கலையாத கோட்டு. பணக்கார வீட்டுப் பிள்ளை. அந்த மிடுக்கைக் காப்பாற்றிக்கொள்ள அவர் படும் பாடுதான் சிரிப்பு. 1921இல் அமெரிக்காவில் எடுத்த 'ஏழு வருட துரதிர்ஷ்டம்' படத்தில் வேலைக்காரன் ஆளுயரக் கண்ணாடியை உடைத்துவிடுவான். புதுக் கண்ணாடி வரும்வரை சமாளிக்க, சமையல்காரனுக்கு முதலாளி மாதிரியே வேஷம் போட்டு வெறும் சட்டத்துக்குப் பின்னால் நிறுத்துவான். லிண்டர் முகம் மழிக்க, எதிரே அவனும் மழிப்பான். இவர் லேசாகச் சந்தேகப்படும்போது அந்தச் சந்தேகத்தையும் அவன் முகத்தில் காட்டியாக வேண்டும்! கடைசியில் குட்டு வெளிப்பட்டு, ஆத்திரத்தோடு லிண்டர் ஷூவை எறியும் நேரத்தில், அங்கே நிஜமான புதுக் கண்ணாடி வந்திருக்கும். அமெரிக்க நகைச்சுவைக் குழுவான மார்க்ஸ் சகோதரர்கள் 1933இல் இதே மாதிரி ஒரு கண்ணாடிக் காட்சி எடுத்தார்கள். இன்று எல்லோரும் சொல்வது அதைத்தான். எனக்கு இதில் வருத்தம் உண்டு.

அப்புறம், அந்த 'தானாக'. 1925இல் லிண்டரும் அவருடைய இளம் மனைவியும் உயிரை மாய்த்துக்கொண்டபோது மகள் மோத் லிண்டருக்கு ஒன்றரை வயதுகூட ஆகவில்லை. தாய்வழிப் பாட்டியிடம் வளர்ந்தார். அப்பாவைத் திரையில் முதன்முதலாகப் பார்த்தபோது அவர் வளர்ந்த பெண். அதற்கப்புறம் வாழ்நாளெல்லாம் அந்தப் படங்களைத் தேடிச் சேர்ப்பதே வேலை. 1963இல் அப்பாவின் மூன்று அமெரிக்கப் படங்களைத் தொகுத்து வெளியிட்டார். 1983இல் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். 2017இல், 93 வயதில் காலமானார். தகப்பன் முகமே நினைவில் இல்லாத ஒரு மகள் சுருள் சுருளாகத் தேடிச் சேர்த்த முகத்தைத்தான் நாம் இன்று பார்க்கிறோம்.

சரி, சரக்கு இருக்கிறதா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டியதில்லை. நான் சொன்ன அந்தப் படம் சுமார் ஒரு மணி நேரம்தான் ஓடும். பார்த்துவிட்டு நீங்களே எழுதுங்கள்.