நேவிகேஷனுக்கு ரூ.85,000: தோட்டத்தை விற்கத்தான் வேண்டுமா?

கேள்வி: நான் கோத்தகிரி அருகே இரண்டரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயி. 47 வயதான என் மனைவிக்கு இடுப்புப் பகுதியில் ஒரு முள்ளெலும்பு முன்னோக்கி நழுவியிருப்பதால், ஸ்க்ரூ வைத்து இரண்டு எலும்புகளை இணைக்கும் அறுவை சிகிச்சை தேவை என்று கோவை மருத்துவமனை ஒன்றில் சொல்கிறார்கள். மதிப்பீடு ரூ.4,10,000. கம்ப்யூட்டர் நேவிகேஷன் உதவியுடன் செய்தால் கூடுதலாக ரூ.85,000. தனி அறை நாளொன்றுக்கு ரூ.7,500, ஐந்து நாள் தங்க வேண்டும். மூன்றரை ஆண்டுகளாக ரூ.5 லட்சத்துக்குக் குடும்ப மருத்துவக் காப்பீடு வைத்திருக்கிறேன். அதில் அறை வாடகை வரம்பு ரூ.5,000. கையில் ஒரு லட்சம் இருக்கிறது. காப்பீடு இந்த 85,000-ஐத் தருமா? தராவிட்டால் 50 சென்ட் தோட்டத்தை விற்பதா, நகையை அடகு வைப்பதா?

பதில்: தோட்டத்தை விற்க வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அவசரத்துக்கு விற்கும் நிலத்துக்கு மலையில் நியாயமான விலை கிடைப்பதில்லை, விற்ற தோட்டத்தைத் திரும்ப வாங்கவும் முடிவதில்லை.

அந்த 85,000 எதற்கு என்பதைப் புரிந்துகொண்டால்தான் காப்பீட்டு நிறுவனத்திடம் சரியாகப் பேச முடியும். முள்ளெலும்பின் பின்புறத்தில் உள்ள பெடிக்கிள் என்னும் குறுகிய காம்பு வழியாகத்தான் ஸ்க்ரூ செல்கிறது. அதன் உட்புறச் சுவரைத் தாண்டினால் நரம்புகள் இருக்கின்றன. வழக்கமான முறையில் சி-ஆர்ம் எக்ஸ்ரே படங்களையும் தம் கை அனுபவத்தையும் வைத்து மருத்துவர் ஸ்க்ரூவைச் செலுத்துகிறார். நேவிகேஷன் முறையில், நோயாளியின் சி.டி. படமோ, அறுவை மேசையிலேயே எடுக்கும் முப்பரிமாணப் படமோ கணினியில் ஏற்றப்படுகிறது. எலும்பில் பொருத்திய ஓர் அடையாளச் சட்டத்தையும் மருத்துவர் கையில் உள்ள கருவியையும் அகச்சிவப்புக் கேமரா தொடர்ந்து கவனித்து, கருவியின் முனை எலும்புக்குள் எங்கே இருக்கிறது என்பதைத் திரையில் காட்டுகிறது. 1990-களில் இருந்தே பயன்பாட்டில் உள்ள இம்முறையில் ஸ்க்ரூ சரியான இடத்தில் அமைவது கூடுகிறது என்பதைப் பல ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால், நீண்ட கால நோக்கில் வலி கூடுதலாகக் குறைகிறது என்பதற்கு அதே அளவு உறுதியான சான்று கிடையாது. முதுகு வளைந்தவர்கள், முன்பே அறுவை செய்துகொண்டவர்கள், கழுத்து அல்லது மார்புப் பகுதியில் மெல்லிய காம்புகளில் ஸ்க்ரூ தேவைப்படுபவர்கள், சிறு துளைகள் வழியே அறுவை செய்யப்படுபவர்கள் ஆகியோருக்கு இதன் பயன் அதிகம். உங்கள் மனைவி இவர்களில் ஒருவரா என்பதைச் சொல்ல வேண்டியவர் அறுவை மருத்துவரே. “நேவிகேஷன் இல்லாமல் இதே அறுவையை நீங்கள் வழக்கமாகச் செய்கிறீர்களா, இவருக்கு அது ஏன் தேவை?” என்று தயங்காமல் கேளுங்கள். தேவை என்று அவர் காரணத்தோடு சொன்னால், 85,000-க்காக அதைக் கைவிடும்படி நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

இனி காப்பீடு. பில்லில் அந்தத் தொகை எந்தப் பெயரில் வருகிறது என்பதில்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வெளியிட்ட 12 நவீன சிகிச்சைகளின் பட்டியலில் ரோபோ அறுவையும், அறுவையின்போது நரம்புச் செயல்பாட்டைக் கண்காணிக்கும் நியூரோ மானிட்டரிங்கும் இருக்கின்றன. இவற்றை நிறுவனங்கள் முற்றிலும் மறுக்க முடியாது. ஆனால் துணை வரம்பு, அதாவது அந்தச் சிகிச்சைக்கு மட்டும் ஓர் உச்சத் தொகை, வைக்கலாம். நேவிகேஷன் அந்தப் பட்டியலில் இல்லை. திரையில் வழி காட்டுவது நேவிகேஷன். இயந்திரக் கை திசையைப் பிடித்துக்கொடுப்பது ரோபோ. இரண்டும் ஒன்றல்ல. மருத்துவமனை கவனக்குறைவாக ‘ரோபோடிக் நேவிகேஷன்’ என்று எழுதிவிட்டால், உங்கள் பாலிசியில் உள்ள ரோபோ அறுவை வரம்பு தேவையில்லாமல் பாயக்கூடும். வெறும் ‘உபகரணக் கட்டணம்’ என்று எழுதினாலோ, அது அறுவை அரங்குக் கட்டணத்திலேயே அடங்கும் என்று நிறுவனம் கழித்துவிடலாம். ஆகவே உண்மையில் எது செய்யப்படுகிறதோ அதன் பெயரையும், அதற்கான மருத்துவக் காரணத்தையும் மருத்துவர் ஒரு கடிதமாகத் தர, அது முன் அனுமதி விண்ணப்பத்துடன் போகட்டும். அவசரமற்ற அறுவை என்பதால் இதற்கெல்லாம் உங்களுக்கு நேரம் இருக்கிறது. அனுமதிக் கடிதத்தில் நேவிகேஷன் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே சேர்க்கை நாளை உறுதி செய்யுங்கள்.

முதுகுத்தண்டு வட்டு போன்ற நோய்களுக்குப் பாலிசிகளில் வழக்கமாக இரண்டு ஆண்டுக் காத்திருப்பு இருக்கும்; அதுவரை அந்நோய்களுக்குக் காப்பீட்டுப் பணம் கிடைக்காது. அதை நீங்கள் கடந்துவிட்டீர்கள். எனினும் பாலிசி எடுக்கும் முன்பே முதுகுவலிக்குச் சிகிச்சை பெற்றிருந்து அதைச் சொல்லாமல் விட்டிருந்தால், இப்போதே அதை என்னைப் போன்ற ஓர் ஆலோசகரிடம் திறந்து பேசுங்கள்.

நீங்கள் கவனிக்காத ஒரு செலவு அறை வாடகையில் இருக்கிறது. வரம்பு 5,000 இருக்க 7,500 ரூபாய் அறையில் தங்கினால், நாளுக்கு 2,500 வீதம் ஐந்து நாளுக்கு 12,500 மட்டும்தான் நட்டம் என்று நினைப்பீர்கள். அப்படியல்ல. மருத்துவர், மயக்க மருந்து, அறுவை அரங்கு, செவிலியர் கட்டணங்களும் அதே விகிதத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறைக்கப்படலாம். அவை மொத்தம் 2,10,000 என்று வைத்துக்கொண்டால் 1,40,000-தான் கிடைக்கும். ஆக, கையிலிருந்து போவது 82,500. நேவிகேஷனுக்காகக் கலங்கும் தொகைக்கு ஏறக்குறைய சமமான பணம், ஓர் அறையின் பேரில் போய்விடுகிறது! ஸ்க்ரூ உள்ளிட்ட பொருத்துகருவிகள், மருந்துகள், பரிசோதனைகள் ஆகியவற்றில் இந்த விகிதக் கழிவு கூடாது என்பது விதி. அப்படிக் கழித்தால் எழுத்தில் எதிர்ப்புத் தெரிவியுங்கள். 5,000-க்குள் கிடைக்கும் இருவர் தங்கும் அறையைக் கேட்டு வாங்குங்கள்.

ஸ்க்ரூக்களின் விலையையும் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். செயற்கை முழங்கால் மூட்டுக்கு 2017 முதல் உச்ச விலை இருப்பதுபோல முதுகெலும்பு ஸ்க்ரூக்களுக்கு இல்லை.

உங்கள் குடும்ப ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் என்றால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ரூ.5 லட்சம் வரை வழி உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் விசாரியுங்கள். வருமான வரிச் சலுகையைப் பற்றி யோசிக்க வேண்டாம்: பசுந்தேயிலையாக விற்கும் வருமானத்துக்கு வரியே இல்லை.

சரியான அறையை எடுத்து, நேவிகேஷன் தொகை முழுவதும் மறுக்கப்பட்டாலும், உங்கள் ஒரு லட்சத்துக்குள் மருத்துவமனைக் கணக்கை ஏறக்குறைய முடித்துவிடலாம். நகை தேவைப்படுவது வீட்டுக்கு வந்த பிறகு. மனைவி தோட்டத்தில் இலை பறிப்பவராயிருந்தால், சில மாதங்களுக்கு அந்த வேலைக்குக் கூலியாள் வேண்டும். மறு பரிசோதனைக்கு மலையிறங்கும் வண்டிச் செலவு, பிசியோதெரபி ஆகியவையும் சேரும். அதற்குரிய அளவு நகையை மட்டும் வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ வையுங்கள். இலை ஏஜென்ட்டிடம் முன்பணம் வாங்கினால், அவர் சொல்லும் விலைக்கே இலை போட வேண்டியிருக்கும், அதைத் தவிர்த்துவிடுங்கள். கடனை முடிக்கும் நாள், பனி விழுந்து இலை குறையும் டிசம்பர், ஜனவரியில் வராமல், இலை நன்றாக வரும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மாதங்களில் வரும்படி கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.