20 நாள் குழந்தைக்குச் சளி, காய்ச்சல் இல்லை: காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம். செங்கோட்டையில் இருக்கிறோம், குழந்தையின் அண்ணன் புனலூர் போய் வந்தான், குழந்தை பால் குடிப்பது பாதியாகக் குறைந்துவிட்டது என்கிறீர்கள். பால் குறைந்தது ஒன்றே போதும், மருத்துவரிடம் காட்ட. செங்கோட்டையிலிருந்து தென்காசி பக்கம்தான், இன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

காய்ச்சல் இல்லை என்று ஆறுதல்பட முடியாது. பச்சைக் குழந்தையின் டி செல்களுக்கு (நோயை எதிர்க்கும் ஒரு வகை வெள்ளை அணுக்கள்) சளி தரும் வைரஸ்கள் புதுசு. வைரஸை ஒடுக்கும் இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தையும் அவை குறைவாகவே சுரக்கும். இப்போதைக்கு அம்மாவிடமிருந்து வந்த ஆன்டிபாடிதான் (கிருமியை எதிர்க்கும் புரதம்) பெரிய துணை. அதனால் உடம்பு சுடாமலே சளி நெஞ்சுக்கு இறங்கலாம். புனலூர் போய் வந்த அண்ணனிடமிருந்து ஆர்எஸ்வி என்ற சளி வைரஸ் ஒட்டியிருக்கலாம்.

கிளம்பும்முன் சட்டையை விலக்கி, தூங்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 60 அல்லது அதற்கு மேல், விலா உள்ளே இழுப்பது, உதடு நீலம், மூச்சு விட்டு விட்டு வருவது, இதில் ஒன்று இருந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தாலும் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். அப்புறம், தாய்ப்பாலை நிறுத்திவிடாதீர்கள்.